தேறிய ஹெல்மெட்

பிஷ்ணுமாயா தாமாங் கொண்டுவந்த கறுப்பு ஹெல்மெட்டில் தரமுத்திரை சரியாகவே இருந்தது. ஸ்ருதா ஸ்தாபித் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காத்மாண்டுவில் ஹெல்மெட்டுகளைப் போட்டு உடைத்துச் சோதிக்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை.

"எங்க வீட்டுக்காரரு ரெண்டு வாங்குனாரு தீதி. ஒண்ணு அவருக்கு, இது எனக்கு. நாக்டுங்கா இறக்கத்துல வண்டி சறுக்கிடுச்சு. தலையில அடிபட்டு ஆளு பொணமாத்தான் கெடச்சாரு, அவரு ஹெல்மெட்டு பள்ளத்தோட போயிடுச்சு."

"வார் மாட்டியிருந்தாரா?"

"நாந்தான் மாட்டி விட்டேன்."

ஸ்ருதா கையிலிருந்த ஹெல்மெட்டின் வாரை இழுத்துப் பார்த்தாள். "சோதிச்சா இது ஒடஞ்சிடும், தங்கச்சி. அவரு வாங்கிக் குடுத்தது."

"ஒடையட்டும். கலங்கி பஜார்ல இதை வித்த கடைக்காரன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேக்கணும். என்ன கேக்கறதுன்னு எல்லாம் யோசிச்சு வெச்சிருக்கேன்."

ஹெல்மெட்டைச் சோதனை இயந்திரத்தின் இரும்புத் தலைக்கு மாட்டி, உச்சிக்கு ஏற்றிக் கீழே விழவிட்டாள் ஸ்ருதா. அறை அதிர்ந்தது. பிஷ்ணுமாயா கண்ணை மூடவில்லை. திரையில் எண் வந்தது. தேறாமல் போக வேண்டும் என்று தான் வேண்டிக்கொண்டிருந்ததை ஸ்ருதா அப்போதுதான் உணர்ந்தாள்.

"தேறிடுச்சு."

"நல்ல சரக்குதானா?"

"இது நல்ல சரக்கு. அவரு போட்டிருந்தது எப்படின்னு, அதை ஒடச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

பிஷ்ணுமாயா இரும்புத் தலையின் பின்பக்கத்தைத் தடவினாள். "ஜில்லுன்னு இருக்கு," என்றாள். பிறகு, "இனிமே நான் யாரைப் போய்க் கேக்கறது தீதி?"

விரிசல் விட்ட ஹெல்மெட்டைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் ஸ்ருதாவே கலங்கிக்குப் போய் அதே வகையில் ஒன்று வாங்கிவந்தாள். தேறியது. அடுத்த வாரம் இன்னொன்று. அதுவும் தேறியது. ஒவ்வொன்றும் விழும்போது, பக்கத்தில் யாரோ கண்ணை மூடாமல் நிற்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்ப்பதை அவள் விட்டுவிட்டாள்.

"என்ன தீதி, வீட்ல எல்லாரும் தலையை ஒடச்சுக்கறாங்களா?" என்று சிரித்தான் கடைக்காரன். நல்ல பையன்தான். இன்னொரு நாள், "அந்த மாடல் தீந்துபோச்சு, இனி வராது," என்றான்.

விட்டது தொல்லை என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் ஏறினாள். சிக்னலில் வண்டி நின்றது. ஜன்னலுக்குக் கீழே ஒரு ஸ்கூட்டர். ஓட்டுபவனுக்கும் பின்னால் இருந்த பெண்ணுக்கும் அதே கறுப்பு ஹெல்மெட். அந்தப் பெண் எட்டி, அவன் வாரைச் சரிசெய்துவிட்டாள்.

அந்த இரண்டில் எது தேறும், எது தேறாது என்று ஸ்ருதாவுக்குத் தெரியவில்லை. பச்சை விழுந்தது. அவர்கள் முந்திக்கொண்டு போனார்கள்.