மாடியில் இருந்த சர்வர்

வாய்க்கால் சங்கத் தலைவர் முருகையனுக்குச் சனிக்கிழமை நடவு. ஆட்களும் பேசியாயிற்று. அதுவரை வயலில் தண்ணீர் நிற்கவேண்டும். வெள்ளிக்கிழமையோ வாய்க்காலின் கடைசி ஊரான கடைமடையின் முறை; அன்று தலைமடையிலுள்ள இவர் வயலுக்குத் தண்ணீர் நின்றுவிடும்.

குடவாசலைச் சுற்றிய மூன்று ஊராரும் முறை பேசுவது ஒரே கைப்பேசிக் குழுவில். தலைமடையார் குழுவில் பேசும் முகவரிகள் முருகையன் வீட்டு மாடிச் சர்வரிலும், நடுவூராருடையவை கூத்தாநல்லூர்க் கலந்தர் கைப்பேசிக் கடைச் சர்வரிலும், கடைமடையாருடையவை எழில்மொழி டீச்சர் வீட்டுச் சர்வரிலும் இருந்தன. முகவரி எங்கிருப்பினும் பேச்சு மூன்றிடத்தும் போய்ச் சேரும். குழுவைத் தொடங்கியவர் தாமாகையால், அது தம் மாடியில்தான் குடியிருப்பதாக முருகையன் எண்ணியிருந்தார்.

மூன்று ஊரும் குழுவில் சம்மதித்தாலன்றி, தலைமடை வயல்களை அடைத்துத் தண்ணீரைக் கீழே அனுப்பும் மதகின் பலகை இறங்காது. மும்முறை அழைத்தும் வாய் திறவாத ஊர் சம்மதித்ததாகக் கொள்ளப்படும். இவ்விதியை எழுதியவரும் அவரே.

வியாழன் காலை டீச்சர் எழுதினார்: "நாளைக்கு எங்க முறை. தலைமடை மதகை இறக்கலாமா?"

முருகையன் மாடியேறி ஒயரைப் பிடுங்கினார். ஆற்றுத் தலைப்பில் வாய்க்காலையே அடைத்தால் கடைமடையில் சொட்டு விழாது என்பது அவருடைய ஐம்பதாண்டு அனுபவம்; குழுவுக்குத் தலைப்பு தம் மாடி என்பது அவர் கணக்கு. அவர் கைப்பேசியில் குழு ஊமையாயிற்று. நிம்மதியாக உண்டார்.

வெள்ளி காலை வயலுக்குப் போனால் மதகு இறங்கியிருந்தது. கலந்தரைப் போனில் பிடித்தார்.

"மூணு தடவை கூப்பிட்டோமேண்ணே. உங்க ஊரே வாயத் திறக்கலை. டீச்சர் சனிக்கிழமையையும் சேத்துக் கேட்டாங்க, குடுத்துட்டோம்."

"குழுதான் மூடியாச்சே, எப்படிப் பேசினீங்க?"

"உங்க வீட்டுக் கதவைத்தான் மூடியிருக்கீங்க. குழு எங்க சர்வர்லயும் இருக்குல்ல."

முருகையன் ஓடிவந்து ஒயரைச் செருகினார். நாற்பத்தேழு செய்திகள் கொட்டின. நாளை நடவு நிற்கப்போகிறது; மானம் பார்க்க நேரமில்லை. எழுதினார்: "நேற்று மின்சாரம் இல்லை. சனிக்கிழமைத் தண்ணீரைத் தயவுசெய்து எனக்கு விடவும்."

உடனே ஒரு பதில் வந்தது. அவர் மனைவி வானதியுடையது. கைப்பேசியைக் கலந்தரிடம் வாங்கியபோதே முகவரியையும் அங்கேயே வைத்துக்கொண்டவர்.

"நேத்து பூரா நம்ம வீட்டு ஃபேன் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சுங்க?"

கீழே சிரிப்பு முகங்கள் வரிசை கட்டின. அவற்றுக்குப் பின் டீச்சரின் செய்தி:

"போகட்டும் விடுங்க, நடவு நிக்கக்கூடாது. சனிக்கிழமை அண்ணனே எடுத்துக்கட்டும். மாடிச் சாவி மட்டும் இனிமே வானதி அக்காகிட்ட இருக்கணும். தலைமடைக்குச் சம்மதமா? முதல் தடவை கேக்குறேன்."

மூன்றாம் தடவை வரை காத்திராமல் முருகையன் சம்மதித்தார்.