ஏழாம் நம்பர் மைக்

விழாவின் இரண்டாம் நாள், மாலை நாலு இருபதுக்கு, மைக்செட்காரர் ஏழாம் நம்பர் மைக்கின் குமிழை இறக்கியபோது அதன் ஊளை நின்றது; ஊளையோடு சேர்ந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த அவருடைய மகளும் இல்லாமல் போனாள். மைக் தரையில் விழுந்து உருண்டு ஒரு நாற்காலிக் காலில் முட்டி நின்றது. அரங்கில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்து, அந்த விழாவின் வழக்கப்படி கைதட்டாமல், அடுத்து என்ன வரும் என்று காத்திருந்தார்கள். கால்மணி நேரம் கழித்து ஒருவர் எழுந்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

அந்த விழா ஒரு மேசை நாற்காலிக் கடைக்கு அடியில் நடந்தது. முன்பு வண்டிகள் நிறுத்திய இடம். ஒரு மழையில் தண்ணீர் புகுந்ததிலிருந்து யாரும் அங்கே வண்டி விடுவதில்லை. ஆண்டுக்கு மூன்று நாள், பகல் பதினோரு மணியிலிருந்து மாலை ஆறு வரை, ஒரு சின்னச் சங்கம் அங்கே இரைச்சல் இசை விழா நடத்தியது. பாட்டு கிடையாது, தாளம் கிடையாது, ஆளுக்கு அரைமணி நேரம். ஒரு தையல்காரர் இரண்டு மிஷின்களில் தகரத்தை வைத்துத் தைத்து, ஊசிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்தார். அன்று வந்திருந்தவர்களின் சட்டைப் பொத்தான்கள் எல்லாம் உதிர்ந்தன. பாவம், அவரே ராத்திரி வரை உட்கார்ந்து எல்லோருக்கும் தைத்துக் கொடுத்தார். சங்கத்தின் செயலாளர் பல் டாக்டர். அவர் பல்லைக் குடையும் கருவியால் ஒரு கண்ணாடித் தொட்டியைக் குடைந்தபோது முன்வரிசைக்காரர்களின் கைக்கடிகாரங்கள் ஒன்பது நிமிடம் பின்னால் போயின. அவர்கள் அதைத் திருத்திக்கொண்டு அடுத்த நாளும் வந்தார்கள்.

மைக்செட்காரருக்கு இந்த ரகமே பிடிக்காது. முப்பது வருடமாக அவர் கல்யாணங்களுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கும் செட் போட்டவர். ஊரில் அவருக்கு இருந்த பெயர் ஒன்றுதான்: அவர் செட் ஊளை விடாது. மற்றவர்களின் மைக், பேச்சாளர் வாயைத் திறந்ததும் 'ஊய்ங்' என்று கிளம்பிச் சபையின் காதைப் பிடித்துத் திருகும். இவரோ காலையிலேயே போய் மண்டபத்தின் நாலு மூலையிலும் நின்று ஒருமுறை கைதட்டிக் கேட்டுவிட்டு, ஸ்பீக்கரை ஒரு சாண் இப்படி, ஒரு சாண் அப்படி நகர்த்தி வைப்பார். அப்படியும் ஊளை கிளம்பினால், காது அதைக் கேட்பதற்கு முன்பே கை குமிழுக்குப் போய்விடும். ஊளை விட்டால் தன் மானமே போய்விட்டதாக நினைக்கிற மனுஷன்.

அவருக்கு ஒரே மகள். ஒயர்ச் சுருள்களின் மேல் தூங்கி வளர்ந்தவள், இருபத்துமூன்று வயது, காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. அப்பா முப்பது வருடமாக விரட்டியடித்த அந்த ஊளைமேல்தான் அவளுக்கு உயிர். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பீக்கரை நோக்கி நடப்பாள். ஊளை கிளம்பும். அரை அடி பின்னால் போனால் நூல் போல மெலியும். தோளைச் சாய்த்தால் தடிக்கும். வேறு எந்தக் கருவியும் அவளுக்கு வேண்டியதில்லை. "மைக்கு தன் குரலைத் தானே கேக்குதுப்பா. நமக்கு அப்படிக் கேட்டா நாமளும் கத்தத்தான் செய்வோம்" என்று ஒருமுறை சாப்பிடும்போது சொன்னாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, சாப்பிடு என்றார். விழாவுக்கு நீதான் செட் போடணும் என்று அவள் கேட்டபோது மட்டும் மறுக்க முடியவில்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மகள் ஆரம்பித்து இருபத்திரண்டாவது நிமிடம், கரண்ட் போனால் உதவும் என்று சங்கத்தார் கேட்டிருந்த ஜெனரேட்டரைக் கொண்டுவந்து இறக்கிய ஆள் உள்ளே எட்டிப் பார்த்தார். மைக்செட்காரருக்குப் பல வருடப் பழக்கம், வாய் சும்மா இருக்காத ஆள். "என்னய்யா இது, உன் செட்டே ஊளை விடுது!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார். பஞ்சையும் மீறி அது காதில் விழுந்தது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் கை குமிழை இறக்கியது.

உடனே அதைப் பழைய இடத்துக்கே ஏற்றினார். ஊளை வந்தது, மகள் வரவில்லை. ஆனால் அவள் நின்ற இடத்தில் தரைமேல் ஒரு நிழல் விழுந்தது. குழல்விளக்கு வெளிச்சத்தில் ஒன்பது சாண் நீளம், பின்னல் நுனி உட்பட அவளுடையதேதான். குமிழை இறக்கினால் நிழலும் போனது, ஏற்றினால் வந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து, ஆள் காணவில்லை என்று எழுதிக்கொண்டார். நிழல் இருக்கிறது என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. அதற்குள் மைக்செட்காரரின் மனைவி வந்து சேர்ந்தாள். நிழலின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நெற்றி இருக்கிற இடத்தில் தரையைத் தடவினாள். ஊளை ஒரு இழை இறங்கி, மறுபடி ஏறியது. அதைக் கேட்டபிறகு கணவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கை தானா போச்சா, நீங்க அனுப்புனீங்களா?"

"தானா போச்சு" என்றார் அவர்.

"சரி" என்றாள்.

அதிலிருந்து ஏழாம் நம்பர் மைக் அணையவில்லை. கடை முதலாளி முதலில் முணுமுணுத்தார். பிறகு அந்த மெல்லிய ஊளை படிக்கட்டு வழியாக மேலே ஏறி வருவதால், கட்டிலை வாங்குவதா வேண்டாமா என்று படுத்துப் பார்க்க வருகிறவர்கள் உடனே தூங்கிவிடுவதைக் கண்டு பேசாமல் இருந்துவிட்டார். மனைவி வீட்டுச் சாமான்களில் பாதியை அங்கே கொண்டுவந்தாள். கரண்ட் போகிற நாட்களுக்காக எட்டு பாட்டரிகள் வரிசையாக நின்றன. ஊரிலிருந்த ஊளை அத்தனையும் அந்த ஒரு மைக்குக்கே வந்துவிட்டதோ என்னவோ, வேறு எவர் செட்டும் ஊளை விடுவதில்லை. நேற்று தொழிலுக்கு வந்தவன்கூட மைக்கை ஸ்பீக்கர் வாய்க்குள்ளேயே வைத்தான், ஒன்றும் ஆகவில்லை. முப்பது வருடப் பெயர் ஒரே மாதத்தில் செல்லாமல் போயிற்று. மைக்செட்காரர் அதைப்பற்றி வருத்தப்படவில்லை. வருத்தப்பட அவருக்கு வேறு விஷயம் இருந்தது.

விழா வருடா வருடம் நடந்தது. மற்றவர்கள் அந்த ஊளைக்கு இடம் விட்டு வாசித்தார்கள். தையல்காரர் அதற்குத் தோதாக மிஷினை மெதுவாக்கினார். பல் டாக்டர் தன் தொட்டியை நிழலின் மேல் படாமல் தள்ளி வைத்தார். ஒவ்வொரு விழாவின் இரண்டாம் நாளும் நாலு இருபதுக்கு மனைவி அதே கேள்வியைக் கேட்டாள். அவரும் அதே பதிலைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நிழல் ஒரு சாண் குறைந்தது. அவர் ஒயர் ஒட்டும் டேப்பைத் தரையில் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டே வந்தார். முதல் இரண்டு மூன்று வருடம், விளக்கை யாரோ நகர்த்தியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலாவது வருடம் நிழலுக்குப் பின்னல் இல்லை. ஆறாவது வருடம் கைகள் இல்லை. ஒன்பதாவது விழா வந்தபோது ஒரு சாண்தான் மிச்சம், ஒரு ஜோடி பாதமும் கொஞ்சம் கணுக்காலும். இனி ஒரே ஒரு தடவைதான் பொய் சொல்ல முடியும் என்பது அவருக்குத் தெரிந்தது.

அவர் செயலாளரிடம் போய், அரைமணி நேரம் தனக்கு வேண்டும் என்று பெயர் கொடுத்தார். என்ன கருவி என்று செயலாளர் கேட்டார். ஒன்றுமில்லை, மைக் மட்டும் என்றார். இரண்டாம் நாள் மாலை மனைவியைக் குமிழ்களுக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, ஒன்பது வருடமாக டேப் ஒட்ட மட்டுமே தான் கிட்டே போன அந்த இடத்தில், இரண்டு சின்னப் பாத நிழல்களுக்கு எதிரே போய், ஏழாம் நம்பர் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்கு மைக் வைத்தவருக்கு, தன் வாய்க்கு எவ்வளவு தூரத்தில் பிடிப்பது என்று தெரியவில்லை.

"எம்மா, கை தானா போகல" என்றார். "அவன் சிரிச்சான். நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. நான் உன் மூஞ்சியப் பாத்தேன். நீ தப்பு பண்ணல, அந்த ஊளைய எழுப்பத்தான் நீ வந்திருக்கேன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. ஆனா வெக்கமா இருந்துச்சும்மா. உன்ன நெனச்சுத்தான் வெக்கம். நான்தான் கைய அனுப்புனேன்."

ஊளை நின்றது. குமிழ் ஏறியபடியே இருந்தது, கரண்ட் இருந்தது, எட்டு பாட்டரிகளும் இருந்தன. ஊளை தானாக நின்றது. அப்படி நிற்காது என்பது மைக் தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். அவர் கையிலிருந்த மைக்கை யாரோ வாங்கிக்கொண்டார்கள். மகள் அதே பச்சைச் சட்டையில், அதே இருபத்துமூன்று வயதில், நெற்றி வியர்த்து நின்றிருந்தாள். முதலில் அம்மாவைப் பார்த்தாள்.

"நீ எப்பம்மா வந்தே? தலையெல்லாம் என்ன, சுண்ணாம்பா?"

"சுவத்துல சாஞ்சிட்டேன்" என்றாள் அம்மா.

மகள் அப்பாவிடம் திரும்பினாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தது, அப்போதுதான் குறுக்கே வந்து நிறுத்தப்பட்டவளின் கோபம். "ஏம்ப்பா நிறுத்துன? இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. ஏத்து."

"போதும்மா. வா, வீட்டுக்குப் போலாம்."

"முடிச்சிட்டு வரேன். ஏத்துப்பா."

அவர் போய்க் குமிழ்களுக்கு முன்னால் நின்றார். மனைவி நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் நினைத்திருந்தால் அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறியிருக்கலாம். அவருக்கும் அதுதான் ஆசை. அவள் பிடுங்கி எறியட்டும், பழி தன்மேல் வராமல் மகள் வீடு வந்து சேரட்டும் என்று கெஞ்சுகிற கண்ணோடு பார்த்தார். மனைவி சொன்னாள்: "அவ உங்ககிட்டதான் கேக்குறா."

ஏழாம் நம்பர் குமிழை அவர் அடிவரை இறக்கி, பிறகு முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தார். கை கனத்தது, விரல்கள் பின்வாங்கின. ஒவ்வொரு கோட்டுக்கும் அதைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. மூன்றாவது கோட்டில் ஊளை எழுந்தது. மகள் ஸ்பீக்கரை நோக்கி நடந்தாள், தோளைச் சாய்த்தாள், சிரித்தாள். ஆறாவது கோட்டில் அவள் இல்லை. தரைமேல் ஒன்பது சாண் நிழல், பின்னலோடு நீண்டு கிடந்தது. அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு, அவற்றின்மேல் உட்கார்ந்தார். விழா நாட்களில் அவர் எப்போதும் காதில் அடைத்துவைக்கும் பஞ்சை மனைவி எடுத்துவிட்டாள். எட்டு நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்து போகவுமில்லை. ஆறு மணிக்கு அவர் அழ ஆரம்பித்தார், கையை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு விழாக்கள் நடந்துவிட்டன. அவளுடைய நிமிடம் நம்முடையதைவிடப் பெரியது போலிருக்கிறது என்று செயலாளர் சொன்னார். ஒருவேளை பத்து வருடத்துக்கு ஒரு நிமிடம், ஒருவேளை இன்னும் மெதுவாக, கணக்குப் பார்க்கும் அளவுக்கு யாரிடமும் தகவல் இல்லை. நிழல் அதன்பின் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. இப்போது அது ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஸ்பீக்கர் வரை போகிறது, திரும்புகிறது, ஊளையும் அதற்கேற்ப மெலிகிறது, தடிக்கிறது. மனைவி கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். விழா நிகழ்ச்சி நிரலில் வருடா வருடம் மேலே ஒரு வரி அச்சாகிறது: ஏழாம் நம்பர் மைக், நடந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் மின்வாரியத்திலிருந்து புதிதாக வந்த மீட்டர்காரர் கீழே இறங்கி வந்தார். குமிழ்களுக்கு முன்னால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதான மனிதரைப் பார்த்து, தூங்கிவிட்டாரோ என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "ஐயா, மைக் ஒண்ணு ஊளை விடுதுங்க. குறைச்சிடட்டுமா?"

"இருக்கட்டுங்க" என்றார் அவர். "பொண்ணு வாசிச்சிட்டிருக்கா."

மீட்டர்காரர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பின்வரிசையில் ஒரு நாற்காலியைச் சத்தம் வராமல் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.