ஓட்டைக்காரர் வீட்டு ட்ரில்லிங் மிஷின்

ட்ரில்லிங் மிஷின் செத்த அன்று அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே அவள் கணவர் அதை மடியில் கிடத்திக்கொண்டு துக்கம் காத்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெருவில் ஓட்டைக்காரர் என்றே பெயர். பகலெல்லாம் ஓர் அலுவலகத்தில் தாள் தாளாக முத்திரை குத்துவார். அந்தக் குத்து போதாதென்று வீட்டுக்கு வந்து சுவரைக் குத்துவார். படம் மாட்ட ஒரு ஓட்டை. அது கோணலாகிவிட்டதென்று பக்கத்தில் இன்னொன்று. இரண்டையும் மறைக்க ஒரு பெரிய படம். அதற்குத் தனியாக நாலு. எதையுமே மாட்டாத ஓட்டைகளும் உண்டு. கேட்டால், "பின்னாடி உதவும்" என்பார். கூடத்துச் சுவர் அம்மை போட்டு எழுந்த முகம் மாதிரி ஆகிவிட்டது.

மிஷின் கொஞ்ச நாளாகவே விட்டுவிட்டு ஓடியது. பக்கவாட்டுத் துவாரங்களில் பொறி பறந்தது, கருகல் வாடை வந்தது. கடைசியில் அரை ஓட்டையோடு அப்படியே நின்றுவிட்டது. கீழ் வீட்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவரச் சொல்லி அவளையே அனுப்பினார்.

எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மோட்டாருக்கு ஒண்ணும் இல்லக்கா. உள்ள கார்பன் தேஞ்சிருச்சு. கரித்துண்டு மாதிரி ரெண்டு இருக்கும், மாத்தினா குதிரை மாதிரி ஓடும்."

"ஓடவே வேணாம்" என்றாள் அவள்.

மேலே ஓட்டை விழும்போதெல்லாம் சோற்றுத் தட்டில் சுண்ணாம்பு உதிர்வதைப் பார்த்த மனுஷன் அவர். சட்டென்று புரிந்துகொண்டார். "மோட்டார் எரிஞ்சு போச்சுன்னு சொல்லிருங்க. கேட்டா நானும் அதையே சொல்றேன்."

வீடு அமைதியானது. அந்த நேரம் பார்த்து அவள் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். அறுவை சிகிச்சை முடிந்து, மகள் வீட்டில் தங்கித் தேறப்போகிறார். கம்மோட் பக்கத்தில் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

கணவரின் முகத்தில் பல்பு எரிந்தது. "புது மிஷின் வாங்கிரலாம்! அடிச்சுக்கிட்டே குடையுற பெருசு ஒண்ணு இருக்கு. கான்கிரீட்டு பொடிப்பொடியாயிரும்."

அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "பழசையே சரி பண்ணிரலாங்க."

"எரிஞ்ச மோட்டாரை எப்படிச் சரி பண்ணுவ?"

"எரியல."

"நீதானே சொன்ன?"

"சொன்னேன். உங்க குடைச்சல் தாங்காம சொன்னேன்."

"அந்த எலக்ட்ரீஷியன்?"

"அவரும்தான்."

அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இந்தக் கட்டடத்துல எனக்குன்னு ஒரு ஆள் இல்ல. நீயே சரி பண்ணிக்கோ. நான் தொட மாட்டேன்."

சரியென்று அவளே உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணுக்கே தெரியாத திருகாணிகளோடு மல்லுக்கட்டுவதுதான் அவள் பிழைப்பு. இதென்ன பெரிய காரியம்! ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, மிஷினின் இரண்டு பக்கமும் இருந்த கறுப்பு மூடிகளைத் திருகினாள். ஸ்பிரிங் துள்ளிக்கொண்டு வந்தது, அதன் நுனியில் கார்பன். ஒன்று சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது. மற்றது அதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஹார்டுவேர் கடைக்காரர், "ஒண்ணு தேஞ்சாலும் ஜோடியாத்தான்மா மாத்தணும்" என்று புதிதாக ஒரு ஜோடி கொடுத்தார்.

அது ஒரு மயிரிழை கூடுதல் தடிமன். உள்ளே போக மறுத்தது. அவள் மேஜைமேல் உப்புத்தாளை விரித்து, கார்பனின் பக்கங்களை மெல்லத் தேய்த்தாள். போட்டுப் பார்த்தாள், எடுத்தாள், மறுபடி தேய்த்தாள். விரலெல்லாம் கரி. எதிரே கால் நகம் வெட்டுகிற பாவனையில் உட்கார்ந்திருந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கார்பனோட வளைஞ்ச நுனி மோட்டாரைப் பார்க்கணும்."

"தொட மாட்டேன்னீங்க?"

"தொட்டேனா? வாயாலதானே சொல்றேன்."

மூடிகளைத் திருகி, ப்ளக்கைச் செருகி, விசையை அழுத்தினாள். மிஷின் உறுமியது. உள்ளே பொறி பறந்ததும் அதை முகத்திலிருந்து எட்டப் பிடித்தாள்.

"பயப்படாத, புதுசுல அப்படித்தான்! சும்மா ஓடவிடு, தேஞ்சு பதியட்டும்." அவர் கோபத்தை மறந்து பக்கத்தில் வந்து குனிந்திருந்தார். பொறி மெல்ல மெல்ல அடங்கியது.

அப்பா வந்து சேர்ந்ததும் அவரை வைத்தே அளவு எடுத்தார்கள். மூடிய கம்மோட்மேல் வேட்டியும் சட்டையுமாக ராஜா மாதிரி உட்கார்ந்து கையை நீட்டினார். கணவர் சுவரில் பென்சிலை வைத்தார்.

"கீழ வாங்க மாப்ள. நான் எந்திரிக்கணும், கொடி ஏத்த வேணாம்."

குறி போட்டு முடிந்து அப்பாவைக் குளியலறை வாசலுக்கு நகர்த்தியதும், கணவர் மிஷினுக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நான் போடறேன். நீங்க முறம் பிடிங்க."

மிஷின் சுவரைக் கடித்தது. அதிர்வு முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறி, பல்வரைக்கும் வந்தது. நாள் முழுக்க மூச்சை அடக்கித் திருகாணி முடுக்குகிறவளுக்கு, இப்படிச் சத்தம்போட்டு ஒரு வேலை செய்வது நன்றாகத்தான் இருந்தது. மாமனார் பார்த்துக்கொண்டிருக்க, ஓட்டைக்காரர் முறத்தில் தூசியை ஏந்திக்கொண்டு நின்றார். நாலு ஓட்டையும் நேராக விழுந்தன. கம்பியை மாட்டி முடுக்கி, அதில் தொங்கிப் பார்க்கிற பொறுப்பை மட்டும் கணவருக்குக் கொடுத்தாள். கம்பி அசையவில்லை.

மூவரும் நின்று ரசித்தார்கள். அப்பா தொண்டையைச் செருமினார்.

"பார்த்தாச்சுல்ல? வெளிய போங்க ரெண்டு பேரும். இது போட்டோ எடுக்கிற இடமில்ல."

கதவு சாத்தப்பட்டது. இருவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி வெளியே நின்றார்கள். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. "கூப்பிடட்டுமா?" என்று அவர் கிசுகிசுத்தார். அவள் தலையாட்டித் தடுத்தாள். உள்ளே முக்கல் ஒன்று கேட்டது. பிறகு தண்ணீர் கொட்டும் சத்தம். அப்பா யார் தயவும் இல்லாமல் ஊன்றுகோலோடு கதவைத் திறந்தார். ஆஸ்பத்திரியில் எழுந்திரிக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்த மனுஷர்.

"ஆடல" என்றார், சுருக்கமாக. கண் கலங்கியிருந்ததை மறைக்க மூக்கைச் சிந்தினார்.

படுக்கப் போகும்முன் கணவர் மெதுவாகக் கேட்டார். "மிஷினை எங்க வச்ச?"

"என் அலமாரியில. வேணும்னா கேளுங்க, எதுக்குன்னும் சொல்லுங்க."

மாமனார் பக்கத்து அறையில் இருமினார். ஓட்டைக்காரர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார்.