முகம் அரித்துப்போன மாப்பிள்ளை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மரக்கட்டையிலிருந்து பிறந்தது. ஜெர்மானிய நகரமான ஆக்ஸ்பர்க்கில் எங்கள் அச்சுக்கூட முதலாளி லீன்ஹார்ட், படம் செதுக்கிய பழைய கட்டைகளை என் மேசையில் கொட்டினார். "இதுக்கெல்லாம் பொருந்துற மாதிரி ஒரு கதை எழுதுய்யா. கடைசிப் படம் கல்யாணம்." எங்கள் தொழிலில் படம் முன்னால் போகும், கதை பின்னால் ஓடும்.

2

'முன்னொரு காலத்தில் ஓர் இளவரசி...' (வேண்டாம். சந்தைக்கு வரும் எல்லாக் குட்டிப் புத்தகமும் இப்படித்தான் தொடங்குகிறது.)

'அவளுக்கென்று பேசிவைத்த வீரன் போருக்குப் போனான். ஏழு வருடமாகத் தகவல் இல்லை. இளவரசி...'

இங்கே பேனா நின்றுவிட்டது. காரணம் அப்ரா. அச்சான படங்களுக்கு வண்ணம் தீட்டுபவள். அவள் கணவன் யோஸ்ட் கூலிப்படையோடு இத்தாலிக்குப் போய் ஏழு வருடம் ஆகிறது. (ஆமாம், திருடினேன். அவளைக் கேட்காமல்தான்.) அச்சுப்பொறியின் கைப்பிடியை இழுக்கும் ஊட்ஸ் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறான். நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளன்று பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். நாளைக்கு மார்ட்டின் திருநாள்.

3

"ஏண்ணே, உங்க இளவரசி என்ன பண்ணப் போறா?" என்று கேட்டாள் அப்ரா.

"காத்திருப்பா. வீரன் திரும்பி வந்துடுவான்."

"மேயப் போன வாத்தா அவன், பொழுது சாஞ்சா வீட்டுக்கு வர?"

"சரி, வேற ஒருத்தனக் கட்டிக்கட்டும்."

"அப்புறம் அவன் வாசல்ல வந்து நின்னா, இவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கதவத் திறப்பா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு முடிவுகளையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன்.

4

கல்யாணக் கட்டையை அச்சேற்றியபோதுதான் தெரிந்தது, மாப்பிள்ளையின் முகத்தைப் பூச்சி அரித்திருந்தது. தாளில் அந்த இடம் வெள்ளையாக விழுந்தது. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'இளவரசிக்குத் திருமணம் நடந்தது' என்று முடித்தேன். யாரோடு என்று எழுதவில்லை.

"நல்லா நழுவிட்டீங்க," என்றாள் அப்ரா. "இப்ப மாப்பிள்ளை தலைமுடிக்கு வண்ணம் வைக்கறது என் தலையில. யோஸ்டுக்குக் கறுப்பு. ஊட்ஸுக்குச் செம்பட்டை."

ஊட்ஸ் கைப்பிடியை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தூரிகையைச் சிவப்பில் தோய்த்தாள். (செம்பட்டைக்கும் அந்தக் கிண்ணம்தான்.) தூரிகை மாப்பிள்ளையைத் தாண்டிப் போய் இளவரசியின் கன்னத்தில் இறங்கியது.

"மொதல்ல இவ மொகத்துல ரத்தம் ஓடட்டும்ணே. அவன் மூஞ்சிய அப்புறம் பாத்துக்கலாம்."

5

நாளை அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். ஒருமுறை திருடியது போதும்.

உங்கள் பிரதியில் மாப்பிள்ளையின் முகம் வெள்ளையாகத்தான் இருக்கும். அச்சுப் பிழை என்று திருப்பிக் கொண்டுவராதீர்கள். நீங்களே வண்ணம் தீட்டலாம். அதற்கு முன் பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள்.