தோழர் இல்லாத ஒரு வரி

பாட்டில் தொழிற்சாலையின் கேட்டுக்கு எதிரே, சைக்கிள் கொட்டகைச் சுவரில் சங்கத்தின் கரும்பலகை இருந்தது. அதில் எழுதுகிறவளை எல்லோரும் பலகையக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். வரிசையாக நகர்ந்து வரும் பாட்டில்களை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, கீறலும் குமிழும் விழுந்ததை ஒதுக்குவது அவள் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று சங்கம் அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது.

பொதுக்கூட்டம் எப்போது, காதுப் பரிசோதனைக்கு எந்தப் பிரிவு இன்னும் போகவில்லை, கையுறை கிழிந்தால் யாரிடம் கேட்க வேண்டும், யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, எல்லாம் அதில் வரும். உறுப்பினர் யாராவது இறந்துபோனால் மட்டும் மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, 'தோழர்' என்று தொடங்கி ஒரே ஒரு வரி எழுதுவாள். அன்று ஷிஃப்டுக்கு வருகிறவர்கள் பலகைக்கு முன்னால் கொஞ்சம் தலைகுனிந்து நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். யாரும் சொல்லிச் செய்வதில்லை. கால் தானாக நின்றுவிடும்.

அவளுடைய தம்பி அதே தொழிற்சாலையில் உலைக்காரன். ஆள் பனை உயரம், பேச்சு எள்ளளவு. அவன் சங்கத்தில் இல்லை. நீக்கப்பட்டவன்.

அது பழைய பெரிய வேலைநிறுத்தத்தின்போது நடந்தது. கண்ணாடி உலையை அணைய விடக்கூடாது. அணைந்தால் உள்ளே உருகிக் கிடக்கிற கண்ணாடி இறுகிக் கல்லாகி, உலையே பிளந்து போகும். அதனால் எந்த வேலைநிறுத்தம் என்றாலும் உலையைப் பார்த்துக்கொள்ள நாலு பேரைச் சங்கமே உள்ளே அனுப்பி வைக்கும். அந்தத் தடவை நிர்வாகம் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் கமிட்டி, உலைக்காரர்களும் வெளியே வரட்டும் என்று முடிவு செய்தது. மற்றவர்கள் வந்தார்கள். தம்பி வந்தான், ஒரு நாள் முழுக்கக் கேட்டில் நின்று புகைபோக்கியையே பார்த்தான், மறுநாள் விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் உள்ளே போய்விட்டான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் போனார்கள். உலை எரிந்துகொண்டே இருந்தது. நிர்வாகத்துக்கு அவசரம் போய்விட்டது. வேலைநிறுத்தம் தோற்றது. திரும்பி வந்தவர்களில் பலரை வேலைக்கு எடுக்கவில்லை.

உலை அணைந்திருந்தால் நிர்வாகம் அடுத்த நாளே இறங்கி வந்திருக்கும் என்பார் சிலர். உலை போயிருந்தால் பூட்டைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள், இன்று யாருக்கும் வேலை இருந்திருக்காது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னவர் இல்லை. பலகையக்காவுக்கு எது சரி என்று இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து தொழிற்சாலையில் தம்பியோடு யாரும் பேசுவதில்லை என்பது மட்டும் தெரியும்.

அவளைப் பேச வேண்டாம் என்று சொன்னதே அவன்தான். "கேட்டுல என்னப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கக்கா. பலகைய உங்கிட்டேர்ந்து பிடுங்கிடுவாங்க" என்றான். அதனால் கேட்டில் இருவரும் அந்நியர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். பிள்ளைகள் இல்லாத வீடு. தம்பியும் அவன் மனைவியும்தான். சாப்பிட்டுக்கொண்டே அவன் அவளுடைய பலகையில் குறை கண்டுபிடிப்பான். "கூட்டத்துக்குத் தவறாமல் வரவும்னு எழுதறப்ப த்-ஐ முழுங்கிட்ட. அத முழுங்கினா கூட்டத்துக்கு எவன் வருவான்?" தனக்குச் சம்பந்தமில்லாத அந்தப் பலகையை அவனைப் போல வரி விடாமல் படித்த உறுப்பினர் யாரும் கிடையாது. ஷிஃப்ட் முடிந்ததும் கூட்டம் கலையும்வரை தள்ளி நின்று, படித்துவிட்டு, அக்காவைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவான்.

அன்று காலை ஷிஃப்ட் முடிந்து அவள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது அவன் வரவில்லை. உலையில் ஏதோ வேலை இழுத்துவிட்டது என்று நினைத்தாள். சைக்கிள் கொட்டகையில் அவனுடைய சைக்கிள் நின்றது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போனால் நாலு பேர் பார்ப்பார்கள் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

தம்பி அப்போது உடை மாற்றும் அறையில் பெஞ்சில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு கால் செருப்பில், இன்னொரு கால் வேலைப் பூட்சில். ஒரு ஷிஃப்ட் ஆட்கள் முழுக்க அவனைத் தாண்டி உடை மாற்றிக்கொண்டு போனார்கள். தூங்குகிறான் என்று நினைத்தார்கள். வேறு யாராவது என்றால் முதுகில் ஒன்று போட்டு, வீட்டுக்குப் போகலையா என்று கேட்டிருப்பார்கள். அவனிடம் யார் கேட்பது? பிற்பாடு அறையைக் கூட்ட வந்த அம்மாள் காலை நகர்த்தச் சொல்லித் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. மாரடைப்பு என்றார் மருத்துவர். உடனே போயிருப்பாரா, கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருப்பாரா என்று பலகையக்கா கேட்டதற்கு, அதைச் சொல்ல முடியாது என்றார்.

மருத்துவமனை வராந்தாவில் தம்பி மனைவி அழவில்லை. பலகையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணி, நான் உங்கள இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. அவர் பேரையும் பலகைல எழுதுங்க. எல்லாருக்கும் எழுதற மாதிரி."

பலகையக்கா தலையை ஆட்டினாள். அது தன் கையில் இல்லை என்பதை அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது?

மறுநாள் விடிகாலையிலேயே சங்க அறையில் கமிட்டி கூடியது. செயலாளர் நல்ல மனிதர்; ஆனால் எந்தப் பக்கம் தராசு சாய்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவர். நீக்கப்பட்டவருக்குப் பலகையில் இடம் கிடையாது என்பது விதி, ஆனால் இவர் அக்காவின் தம்பி, எல்லோரும் யோசித்துச் சொல்லுங்கள் என்று பந்தை உருட்டிவிட்டார். ஒருவர் செத்தவன் மேல் என்ன பகை என்றார். இன்னொருவர் இன்றைக்கு எழுதினால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்று ஆகிவிடும் என்றார். சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிற டிரைவர் மட்டும் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. அந்த வேலைநிறுத்தத்தில் வேலை போனவர்களில் அவர் மனைவியும் ஒருத்தி. பேக்கிங் பிரிவில் அவள் சிரித்தால் அடுத்த கட்டடத்தில் கேட்கும் என்பார்கள். அதற்குப் பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வந்து பார்த்தவர்கள் குறைவு.

எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் டிரைவர் சொன்னார்:

"எழுதுங்க. பேரு, உலைப் பிரிவு, இறந்துட்டார். அவ்வளவுதான். தோழர்னு போடக் கூடாது."

செயலாளர் பலகையக்காவைப் பார்த்தார். அவள் எழுந்து சாக்பீஸை எடுத்துக்கொண்டாள்.

பலகையைத் துடைத்தாள். தம்பியின் பெயரை எழுதினாள். அவன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது சிலேட்டில் கை பிடித்து எழுதப் பழக்கிய பெயர் அது. பழக்கத்தில் கை இடது ஓரத்தில் இடம் விட்டுத்தான் தொடங்கியது. அந்த இடம் காலியாகவே இருந்தது. வரியை நடுவுக்கு நகர்த்தி எழுதலாம் என்று தோன்றியது, அவள் நகர்த்தவில்லை.

ஷிஃப்டுக்கு வந்தவர்கள் படித்தார்கள். சிலர் சைக்கிளில் இருந்து இறங்காமலே படித்துவிட்டுப் போனார்கள். சிலர் நின்றார்கள், நிற்கலாமா கூடாதா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். உலைப் பிரிவு ஆட்கள் சேர்ந்து வந்து, தலை கவிழ்ந்து, சேர்ந்து உள்ளே போனார்கள்.

அடக்கத்துக்குப் போகிற வழியில் வண்டியைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள் தம்பி மனைவி. இறங்கிப் பலகைக்கு முன்னால் நின்றாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்தாள்.

"தோழர்னு போடலையா அண்ணி?"

"விடலம்மா."

"அவர் இதப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார் தெரியுமா?"

பலகையக்கா காலியாகக் கிடந்த இடது ஓரத்தைப் பார்த்தாள்.

"இந்த அளவுக்காவது எழுதவிட்டாங்களேன்னு சந்தோஷப்பட்டிருப்பார். எனக்கு அதான் தாங்கல" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அடக்கத்துக்கு அதிகம் பேர் வரவில்லை. உலைக்காரர்கள் சிலர், கூட்டுகிற அம்மாள், அக்கம்பக்கத்தார். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, இடுகாட்டின் வெளிச்சுவர் ஓரமாக டிரைவர் நின்றுகொண்டிருப்பதைப் பலகையக்கா பார்த்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இங்கேயும் வந்து எதை அழிக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். ஆனால் அவர் வந்தது வேறொன்றுக்கு.

"அக்கா, நான் அவரப் பாத்தேன். பெஞ்சுல."

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"என் லாக்கர் அவர் தலைக்கு மேலதான். சட்டை எடுக்கறப்ப என் கை அவர் தோள்ல பட்டுச்சு. அசையல. ஏதோ தப்பா இருக்கேன்னு தோணுச்சு. தோணாம இல்ல. ஆனா, ஏம்ப்பான்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வரல. இத்தன வருஷம் பேசாத வாய். சட்டையப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்."

அவரைத் திட்ட வேண்டும் என்று அவளுக்கு வரவில்லை. கொட்டகையில் சைக்கிளைப் பார்த்த பிறகும் வீட்டுக்குப் போனவள் அவள். அதை அவரிடம் சொல்லவுமில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கண்ணு தொறந்திருந்துச்சா?"

"மூடியிருந்துச்சுக்கா. தூங்கற மாதிரிதான் இருந்துச்சு."

சரி என்று தலையாட்டினாள். அவர் இன்னும் ஏதோ எதிர்பார்த்தவர் போல நின்றார். கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. தம்பி மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள்.

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, ஷிஃப்ட் தொடங்கும் முன் பலகையைத் துடைத்தாள். பொதுக்கூட்டம் தள்ளிப்போனதை எழுதினாள். காதுப் பரிசோதனைக்குப் பேக்கிங் பிரிவு இன்னும் பாக்கி என்று எழுதினாள். அதற்குக் கீழே, யாரும் சொல்லித் தராத ஒரு நினைவூட்டலை எழுதினாள்:

'உடை மாற்றும் அறையிலோ வேறெங்கோ ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், தட்டி எழுப்பி, நலமா என்று கேட்கவும். அவர் உறுப்பினரா இல்லையா என்று பார்க்க வேண்டாம்.'

செயலாளர் வந்து படித்தார். கமிட்டியில் பேசாமல் இப்படியெல்லாம் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அழிக்கணும்னா நீங்களே அழிங்கண்ணே. என் கையால முடியாது" என்று துணியை அவரிடம் நீட்டினாள்.

அவர் துணியை வாங்கிக்கொண்டார். பின்னால் நின்ற டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் எதுவும் சொல்லாமல் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். செயலாளர் துணியை மடித்துப் பலகையின் கட்டையில் வைத்துவிட்டு உள்ளே போனார். கமிட்டியில் அதைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. வாரம் மாறி மற்றச் செய்திகள் மாறினாலும் அந்த வரி மட்டும் அடியில் அப்படியே கிடந்தது; மழைச் சாரலில் மங்கும்போதெல்லாம் அவள் அதன் மேலேயே திரும்ப எழுதினாள்.

தொழிற்சாலையில் எதைச் செய்தாலும் அளவுக்கு மிஞ்சித்தான் செய்வார்கள். உடை மாற்றும் அறையில் இப்போது ஒருத்தரும் கண்ணை மூட முடியவில்லை. இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பெஞ்சில் சாய்ந்த ஒரு எலக்ட்ரீஷியனை ஒருவர் மாற்றி ஒருவர் உலுக்கி, நல்லா இருக்கியா என்று கேட்டதில், அவர் எழுந்து நின்று, "நல்லாத்தான் இருந்தேன், நீங்க கேக்கறதுக்கு முன்னாடி" என்றாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது பலகையக்கா இதைச் சொன்னாள். தம்பி மனைவி முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தாள்.

"எல்லாரையுமா எழுப்பறாங்க?"

"ஒருத்தர் விடாம."

"பேசாதவங்க, சண்டைக்காரங்க, எல்லாரையும்?"

"எல்லாரையுந்தாம்மா."

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, மருத்துவமனையிலும் அடக்கத்திலும் அழாத அழுகையையெல்லாம் சேர்த்து அழுதாள். பலகையக்கா அழாதே என்று சொல்லவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.