டி.வி.யில் இருந்த படங்கள்

சேரம்பாடி கடைவீதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த கோகிலவாணி, நாச்சிமுத்து படியேறி வருவதைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டாள். கையில் இருந்தால் என்ன செய்துவிடுவோமோ என்று அவளுக்கே பயம். அந்த ஆளுக்கோ அவளை அடையாளமே தெரியவில்லை. எத்தனை குடும்பத்தைத் தெருவில் நிறுத்திய மனுஷன், ஒவ்வொரு முகத்தையுமா ஞாபகம் வைத்திருப்பார்!

தேயிலை விலை தரைமட்டத்துக்குப் போன சமயம், எஸ்டேட் நிர்வாகம் தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. சொன்னது நிர்வாகம்தான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் கொட்டுகிற மழையில், காய்ச்சலில் கிடந்த கோகிலவாணியின் அம்மா சின்னம்மையைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைக்கச் சொன்னது பீல்டு ஆபீசர் நாச்சிமுத்து. அம்மாவுக்காக ஒரே ஒரு நாள் தவணை கேட்டுக் கோகிலவாணி அவர் காலில் விழுந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிரங்குப் பெட்டி சேற்றில் கவிழ்ந்து, இலங்கையிலிருந்து வரும்போது கொண்டுவந்த குடும்ப பாஸ்போர்ட் கூழாகிப் போனது. செத்துப்போன அப்பா காத்தமுத்துவுக்கு இருந்த ஒரே படம் அதில் ஒட்டியிருந்ததுதான். அம்மாவும் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை. அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

நாச்சிமுத்து கம்பளியில் சுற்றிய சி.பி.யு.வை மேஜைமேல் வைத்தார். வைரஸ் புகுந்துவிட்டதாம், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சொல்லி பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தானாம். அம்மா படங்களை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னானாம். அவர் சம்சாரம் போன தை மாதம் குன்னூர் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டாள்.

உள்ளே வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று எல்லோரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டாள்.

“படமெல்லாம் டி.வி.யில இருக்குது கண்ணு. அதைத் துணி சுத்தி ஊட்டுல பத்திரமா வெச்சிருக்கறேன். இந்தப் பெட்டியை மொத்தமா துடைச்சிரு.”

டி.வி. என்று அவர் சொன்னது மானிட்டரை. அந்தப் பக்கத்தில் அப்போது பாதிப்பேர் அப்படித்தான் நினைத்தார்கள். படம் எங்கே தெரிகிறதோ அங்கேதானே இருக்கும்? அப்படிச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பெட்டியைத் திறந்து காட்டிப் புரியவைப்பாள் கோகிலவாணி. இன்றைக்கு வாயைத் திறந்தாளா? ம்ஹூம். சரிங்க என்றாள், அவ்வளவுதான்.

அவர் போனதும் கடையிலிருந்த மானிட்டரில் இணைத்துப் பார்த்தாள். இருந்தன, ஒன்று விடாமல். அந்த அம்மாள் மாவாட்டுகிறாள், பசுவுக்குத் தண்ணீர் காட்டுகிறாள், மகன் தோளில் சாய்ந்து நிற்கிறாள். கடைசிப் படம் ஆஸ்பத்திரிக் கட்டிலில். பாவம், இவள் என்ன தப்புப் பண்ணினாள் என்று கை ஒரு நிமிஷம் தயங்கியது. மழையில் நனைந்த இன்னொரு கட்டில் ஞாபகம் வந்ததும் தயக்கம் ஓடிப்போனது. வெறுமனே பார்மட் செய்தால் கோயம்புத்தூரில் யாராவது மீட்டுக் கொடுத்துவிடுவார்கள். டிஸ்க் முழுக்கப் பூஜ்யமாக எழுதி நிரப்பும் சி.டி.யைப் போட்டு ஓடவிட்டு, முடிகிறவரை எழுந்திருக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு குளிர்ந்தது.

பெட்டியை வாங்கிப்போன நாச்சிமுத்து மறுநாளே வெறுங்கையோடு வந்தார். டி.வி.யில் படம் ஒன்றுகூட இல்லையே என்றார். தெரியாமல் நடந்துவிட்டது என்று கோகிலவாணி தப்பித்திருக்கலாம். யார் செய்தது என்று தெரியாமல் போனால் அப்புறம் என்ன பழி?

“தெரிஞ்சேதாங்க அழிச்சேன். காத்தமுத்து மக நான். நீங்க கட்டிலோட மழையில தூக்கி வெச்சது எங்கம்மாவ.”

கத்துவார், போலீஸுக்குப் போவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அழிக்கறதுக்கு முன்னால தொறந்து பாத்தியா கண்ணு? கடைசிப் படம் நர்ஸ் எடுத்தது. நானும் பையனும் அதைத் தொறக்கவே இல்ல, தெம்பு வரல. அதுல அவ சிரிச்சுட்டு இருந்தாளா?”

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். தலையணையிலிருந்து தலையைக் கொஞ்சம் தூக்கி, தெற்றுப்பல் தெரிய, யாரையோ பக்கத்தில் வரச்சொல்வதுபோல ஒரு கையை நீட்டிக்கொண்டு.

“நான் எதையும் பாக்கலைங்க” என்றாள் கோகிலவாணி.