திருப்பிச் சொல்லும் பயிற்சி

எங்கள் தீவுப் பள்ளிக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த விஜயலட்சுமி மிஸ், பன்னிரண்டாம் வகுப்புக்கு வைத்த விதி ஒன்றுதான். ஒருவர் பேசும்போது மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. பேசி முடித்ததும், கேட்டவர் எழுந்து கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் ‘ஆமாம், அதுதான்’ என்ற பிறகே தன் கருத்துக்கு வரலாம். இப்படிச் செய்தால் பேச்சும் வளரும், காதும் வளரும் என்பார்.

வருடக் கடைசியில், பெற்றோரை வரவழைத்து அவரவர் பிள்ளையின் பேச்சைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வைக்கப்போவதாக மிஸ் அறிவித்தார். எனக்குத் தூக்கமே போயிற்று. பயத்தால் அல்ல, ஆசையால்.

என் அப்பா ராஜமாணிக்கத்துக்கு லாங் ஐலண்ட் ஜெட்டி பக்கம் மளிகைக் கடை. அம்மா இறந்த பிறகு கல்லாவில் அவர், தராசில் நான். போர்ட் பிளேயரில் நர்சிங் படிக்கிறேன், அங்கேயே டாலிகஞ்சில் சித்தி வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று எப்போது ஆரம்பித்தாலும், “பவானி, அந்தப் பருப்பை எடு” என்பார். இல்லாவிட்டால் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். மனிதர் காதில் விழவில்லை, விழுந்தால் இளகிவிடுவார் என்றே நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் நாட்களை ஓட்டினேன்.

அன்று அப்பா பள்ளி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். எனக்குக் கொடுத்த தலைப்பு ‘எங்கள் தீவு’. கடல், காடு என்று ஒப்புக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன்.

“டெய்லி போட் போகுது, வருது. நான் சாமான் எறக்கத்தான் ஜெட்டிக்குப் போறேன். எனக்கு நர்சிங் படிக்கணும். கடைக்கு ஒரு ஆளை வெச்சுக்கலாம். எத்தனை சொன்னாலும் அப்பா கேக்கவே மாட்டேங்கிறாரு. எனக்கு இங்க மூச்சு முட்டுது.”

அப்பா குறுக்கிடவில்லை, விதி அப்படி. பிறகு மெதுவாக எழுந்தார்.

“போட் வருது போகுது, ஆனா சாமான் எறக்கத்தான் ஜெட்டிக்குப் போறாளாம். நர்சிங் படிக்கணுமாம். கடைக்கு ஆளு வெச்சுக்கலாம்கிறா. நான் கேக்க மாட்டேங்கிறேனாம். இங்க மூச்சு முட்டுதாம்.”

ஒன்றையும் விடவில்லை. அவர் வாயிலிருந்தே அது வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

“சரியாச் சொன்னாரா பவானி?” என்றார் மிஸ்.

“ஆமாம், அதுதான்.”

“இப்ப உங்க கருத்தைச் சொல்லுங்க சார்.”

“வீட்ல பேசிக்கிறோம் மிஸ்.”

எல்லோரும் கைதட்டினார்கள். மிஸ் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

வழியெல்லாம் அப்பா கோபப்படவில்லை. கடைப் பூட்டைத் திறந்துகொண்டே கேட்டார். “அச்சா, நீ பேசிட்டே. நான் கேட்டுட்டேன். திருப்பியும் சொல்லிட்டேன், இல்லையா?”

“ஆமாம்பா.”

“ஹோ கயா, முடிஞ்சுது. நீ எங்கயும் போகலை. அப்பா கேக்கலைன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே.”

ஜெட்டியில் போட் ஹாரன் அடித்தது. இத்தனை நாளும் அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நான் போய்த் தராசுக்குப் பின்னால் நின்றேன்.